கூலிக்காரன் குடிக்கிற ஒயின்

அண்ணன் போனில் கேட்டது ஒயின். அதுவும் பிரான்சு ஒயின். ஐம்பத்தெட்டு வயதுவரை ஒரு சொட்டு பிராந்திகூட நாக்கில் படவிடாத மனிதர். அடுத்த வியாழக்கிழமை மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் அவருடைய நாக்கில் பாதியை எடுப்பதாக இருந்தார்கள். புற்று.

“ஏலே, நீ இருக்கிற ஊர்ல பிரான்சு ஒயினு கெடைக்குமாம்ல. வரும்போது ரெண்டு மூணு வாங்கிட்டு வா. செவப்பு. தெக்குப் பக்கத்துதாப் பாத்து வாங்கு. பெரிய மனுசன் குடிக்கிறது வேண்டாம். கூலிக்காரன் குடிக்கிறது.”

எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், இருக்கும்போதே பார்த்துவிடலாம் என்றுதான் சொல்லியிருப்பார். எது இருக்கும்போது என்பதை இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்ல முடியாது.

எங்கள் தோட்டம் அனுமந்தன்பட்டிக்குப் பக்கம். அப்பா விட்டுப்போன திராட்சைப் பந்தலை, நடுவில் ஒரு கல்தூண் வரிசையை எல்லையாக வைத்து, இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். மேற்கு அண்ணனுக்கு, கிழக்கு எனக்கு. பிரித்தது பெயருக்குத்தான். நான் பாண்டிச்சேரியில் ஓர் அலுவலகத்தில் கோப்பு நகர்த்தியே தலை நரைத்தவன். கவாத்து, மருந்தடி, தண்ணீர், ஆள் என்று என் பங்கையும் சேர்த்துச் சுமந்தது அவர்தான். பழ வெட்டுக்கு மட்டும் லீவு போட்டுவிட்டு மாப்பிள்ளை மாதிரி வந்து நிற்பேன்.

பன்னீர்த் திராட்சையை எந்த நாளில் வெட்டுவது என்பதை எங்கள் பக்கத்தில் அண்ணன் நாக்குதான் சொல்லும். விடிந்ததும் பச்சைத் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் பந்தலுக்கடியில் போய் நிற்பார். கொத்தின் மேல்பக்கத்துப் பழம் முதலில் இனித்துவிடும். எல்லாரும் அதைத் தின்றுதான் ஏமாறுவார்கள். அவர் நிழலில் கிடக்கும் கொத்தாகப் பார்த்து, அடிநுனியில் தொங்கும் கடைசிப் பழத்தைப் பிய்ப்பார். அதுதான் கடைசியில் பழுக்கும். கடித்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, துப்பிவிடுவார். மருந்தடித்த பழத்தை விழுங்கக் கூடாது. பிறகு இரண்டில் ஒன்று சொல்வார். “வெட்டலாம்.” இல்லாவிட்டால், “நாலு நாள்.” அவ்வளவுதான். வியாபாரிகள் இனிப்பு பார்க்கிற மீட்டர் கொண்டுவருவார்கள். ஒரு சொட்டுச் சாறு விட்டு மீட்டரைப் பார்த்துவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்ப்பார்கள்.

அந்த நாக்கை அவர் பொத்திப் பொத்தி வளர்த்தார். வெற்றிலை, புகையிலை, பீடி எதுவும் கிடையாது. காப்பியை ஆறவைத்து, பச்சைத் தண்ணீராக்கித்தான் குடிப்பார். குழம்பில் காரம் ஒரு பொட்டுக் கூடினால் தட்டைத் தள்ளிவிடுவார். “உங்க அண்ணனுக்கா நான் வாக்கப்பட்டேன் தம்பி? அவுக நாக்குக்கில்ல வாக்கப்பட்டேன்” என்று மதினி சொல்லிச் சிரிப்பார். நரம்பில்லாத நாக்கு என்று ஊரில் பலரைச் சொல்வார்கள். அண்ணன் நாக்கில் நரம்பைத் தவிர வேறெதுவுமே இல்லை என்று கேலி பேசுவார்கள்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு கடைவாய்ப் பல் உடைந்தது. உடைந்த முனை இடதுபக்க நாக்கைக் குத்திக்கொண்டே இருந்தது. பிடுங்கச் சொன்னால், ஊசி போட்டால் நாக்கு மரத்துவிடும், பிறகு நாலு நாளைக்கு ரத்த ருசிதான் இருக்கும், இந்த வெட்டு முடியட்டும் என்றார். கம்பம் பள்ளத்தாக்கில் வெட்டு இல்லாத மாதம் ஏது? ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது அடுத்ததில் பூ இருக்கும், அதற்கடுத்ததில் பழம் இருக்கும். யாராவது ஒருவர் வந்து, “அண்ணாச்சி, நம்மளுத ஒருக்கா வாயில போட்டுப் பாருங்க” என்று வாசலில் நிற்பார்கள். இந்த வெட்டு முடிந்தால் அடுத்த வெட்டு.

மதினி அழுது, சண்டை போட்டு, ஒருநாள் உத்தமபாளையத்தில் பல் டாக்டரிடம் கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டார். நாற்காலியில் சாய்த்து, கழுத்தில் துணியும் கட்டிவிட்டார்கள். அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது.

அடித்தது நான்.

வெட்டுக்கு லீவில் வந்திருந்தேன். என் பங்கில் பழம் பழுத்திருந்தது, அல்லது பழுத்திருந்ததாக நான் நினைத்தேன். கேரளாவுக்கு லோடு ஏற்றுகிற வியாபாரி மறுநாள் விடிகாலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். விட்டால் ஆள் வேறு தோட்டத்துக்குப் போய்விடுவார். “அண்ணே, என்னுதை ஒருக்காப் பாத்துச் சொல்லிருங்க. பல்லு எங்கயும் ஓடிராது” என்றேன். அவர் சரி என்றார். துணியை அவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார் என்பதை மதினிதான் பிறகு எனக்குச் சொன்னார். மறுநாள் என் பந்தலில் நுனிப்பழத்தைக் கடித்து, “வெட்டலாம்” என்றார். வெட்டினோம். அந்த லோடைப் பற்றி வியாபாரி பின்னால் ஏதோ முனகினார். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

பல் எங்கேயும் ஓடவில்லை. அண்ணன் அந்த நாற்காலிக்குத் திரும்பப் போகவும் இல்லை. ஒன்றரை வருடம் கழித்து, நாக்கோரத்துப் புண் எந்த மருந்துக்கும் ஆறாமல் தடித்து, மதுரைக்குப் போனோம். புகையிலை உண்டா, பாக்கு உண்டா, குடி உண்டா என்று டாக்டர் வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அண்ணன் இல்லை என்று தலையை ஆட்டினார். டாக்டர் பல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது எத்தனை நாளாகக் குத்துகிறது என்றார். “கொஞ்ச நாளாத்தான்” என்றார் அண்ணன். நான் பக்கத்தில்தான் நின்றேன். இதனால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவர் சொல்லாவிட்டால் என்ன, கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

தெற்குப் பக்கத்து ஒயின் என்று அண்ணன் குறிப்பாகக் கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. பல வருடங்களுக்கு முன்பு, ஒயின் தொழிற்சாலைக்குப் பழம் தேடி ஒருவர் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். அண்ணனின் அருமையான பழத்தைத் தின்றுவிட்டு, தின்பதற்கு நல்ல பழம், சிவப்பு ஒயினுக்கு ஆகாது என்றார். பிரான்சுக்குத் தெற்கே எங்கள் ஊர் மாதிரியே மலையும் கல்லுமான பூமி இருக்கிறதாம். அங்கே பழம் சிறுசு, தோல் தடிமன். தோட்டத்தில் வேலை செய்கிறவன்கூட மத்தியானச் சாப்பாட்டோடு அந்த ஒயினைத்தான் குடிப்பானாம், நாம் மோர் குடிக்கிற மாதிரி. எங்கள் பன்னீர்க் கொடியே அந்தக் காலத்தில் பிரான்சிலிருந்து வந்த ஒரு பாதிரியார் கொண்டுவந்தது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இரண்டையும் சேர்த்து அண்ணன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். “அப்பன்னா அங்கன இருக்கிறதெல்லாம் நம்ம கொடிக்குச் சொந்தக்காரக. அவென் எந்த நாளு பாத்துப் பறிக்கிறான்னு அதைக் குடிச்சாத் தெரிஞ்சிரும்” என்பார். ஆனால் குடித்தால் நாக்கு கெட்டுவிடும். அதனால் அந்த ஆசையையும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். இப்போது நாக்கைக் காப்பாற்றி வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

பாண்டிச்சேரிக் கடையில், தெற்குப் பிரான்சில் விளைந்தது, சிவப்பு, இருப்பதிலேயே மலிவானது என்று கேட்டேன். கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று லாங்டாக், ஒன்று ரோன், ஒன்று கோர்பியேர். எல்லாம் அந்தந்த வட்டாரத்தின் பெயர்கள் என்றார். பாட்டில் கொண்டுபோகக் கூடாத எல்லையைத் தாண்டுகிறோம் என்று தெரிந்தேதான் வேட்டிகளில் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். சோதனைச் சாவடியில் பஸ்ஸுக்குள் போலீஸ்காரர் ஏறியபோது பையைக் காலுக்கடியில் தள்ளினேன். அவர் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு இறங்கிப்போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. அண்ணனுக்கு ருசி பார்க்கிற நேரம் அது ஒன்றுதான். பந்தலைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று பையைத் தூக்கினேன். மதினி அடுப்படியிலிருந்து வந்து, இரண்டு எவர்சில்வர் டம்ளரையும் ஒரு செம்புத் தண்ணீரையும் என் கையில் கொடுத்தார். முகத்தை மட்டும் காட்டவில்லை.

மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்தோம். முதல் பாட்டிலுக்குத் திருகு மூடி. மற்ற இரண்டுக்கும் தக்கை. அதைத் திறக்கிற கருவி வேண்டும் என்பதே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. மோட்டார் ரூமில் கிடந்த, மரத்தில் முடுக்குகிற ஸ்குரூவைத் தக்கையில் இறக்கி, கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்தேன். பாதித் தக்கை பிய்ந்து உள்ளே விழுந்தது. “ஒயினை ஒடைச்சுத் திங்கப்போறோமாடா?” என்றார் அண்ணன். அவர் சிரித்தபோது வலது உதடு மட்டும்தான் அசைந்தது.

அந்த நேரம் பார்த்து, வேறு தோட்டத்து வெட்டுக்குப் போகிற பெண்கள் வரப்பில் வந்தார்கள். பாட்டிலைப் பார்த்துவிட்டு முன்னால் வந்தவள், “ஆத்தாடி, விடிஞ்சும் விடியாமயா?” என்று சத்தமாகச் சிரித்தாள். பின்னால் வந்தவள் அவள் கையைக் கிள்ளினாள். முன்னால் வந்தவளுக்கு அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு எல்லாரும் வேகமாகக் கடந்துபோனார்கள்.

லாங்டாக்கை ஒரு விரற்கடை ஊற்றிக் கொடுத்தேன். முதலில் மோந்து பார்த்தார். பிறகு புண் இல்லாத வலது பக்கமாகச் சாய்த்து வாயில் விட்டார். பட்டதுமே உடம்பு தூக்கிப்போட்டது. வேண்டாம்ண்ணே என்று டம்ளரைப் பிடுங்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். கண்ணில் தண்ணீர் ஓட ஓடக் கண்ணை மூடிக்கொண்டு, பழத்தை வைத்திருக்கிற மாதிரியே வைத்திருந்தார். வாய்க்காலில் துப்பினார். துப்பியதில் எது ஒயின், எது ரத்தம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

“இது நாலு நாளு முந்திப் பறிச்சது” என்றார். “காம்புக் கசப்பு அப்படியே நிக்கிது. எவனோ அவசரப்படுத்தியிருக்கான்.”

ரோன் கொடுத்தேன். நான் குடித்துப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது சூடும் நெடியும்தான். அவர் தலையை ஆட்டினார். “இது வெயிலைத் தின்ன பழம். தண்ணி கட்டல. இனிப்பு ஏறட்டும் ஏறட்டும்னு விட்டுட்டான். பேராசைக்காரன்.” எனக்கு எல்லாமே துவர்ப்பாக, நாவல்பழம் தின்ற வாய் மாதிரி இருந்தது. எனக்கும் அதே அப்பன் ஆத்தாதான். முப்பது வருடக் கொதிக்கும் காப்பியும் சனிக்கிழமைப் பிராந்தியும் என் நாக்கைச் செருப்பாக்கிவிட்டிருந்தன.

மூன்றாவது கோர்பியேர். தக்கைத் துணுக்குகளைத் துண்டில் வடிகட்டிக் கொடுத்தேன். அதை அவர் வெகுநேரம் துப்பவே இல்லை. வலியில் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. போதும்ண்ணே, துப்புங்க என்றேன். கையை உயர்த்தி என்னைப் பேசாமலிருக்கச் சொன்னார். கடைசியில் துப்பவும் இல்லை, விழுங்கிவிட்டார். வாழ்க்கையில் அவர் ருசி பார்த்ததை விழுங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“சரியான நாளு” என்றார். “ஒரு நாளு முந்தல, ஒரு நாளு பிந்தல. பறிச்சவனுக்கு நாக்கு இருக்குடா.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, பாட்டிலைத் திருப்பி ஒட்டியிருந்த தாளைப் படிக்கிற மாதிரி பார்த்தேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்றார். ஊர் பெயர், விளைந்த வருடம் என்றேன்.

“வருசம் மட்டுந்தானா? எந்த வெட்டுன்னு போடலயா?”

“அங்க வருசத்துக்கு ஒரு வெட்டுதாண்ணே. பறிச்சு முடிச்சா எலையெல்லாம் கொட்டிரும். குளிர் முடியுற வரைக்கும் கொடி தூங்கும்.”

அவர் அதை நம்பவில்லை. இரண்டு தடவை கேட்டார். தலைக்கு மேலே எங்கள் பந்தல் இருந்தது. வெட்டி முடித்தால் மறுபடி கவாத்து, மறுபடி மருந்து, மறுபடி பூ என்று ஒருநாள்கூடச் சும்மா இருந்தறியாத கொடி. அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“மத்த மாசமெல்லாம் அவென் என்ன செய்வான்?”

“சும்மா இருப்பான்.”

“அப்பன்னா பல்லுப் புடுங்க அவனுக்கு நேரம் இருந்திருக்கும்” என்றார்.

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. வெறுமனே தெரிந்துகொண்டதைச் சொன்னார், அவ்வளவுதான். நான்தான் தாங்க முடியாமல், “அன்னைக்கு நான் போன் பண்ணியிருக்கக் கூடாதுண்ணே” என்றேன். அவர் பாட்டில்களை எடுத்துக்கொண்டார். எழுந்து, மிச்சத்தையெல்லாம் என் பங்குக் கொடி ஒன்றின் வேரில் ஊற்றினார். “சொந்தக்காரக பாத்துக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, செம்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தார்.

வியாழக்கிழமை பாதி என்று சொன்னவர்கள் முக்கால் எடுத்தார்கள். கழுத்திலும் பரவியிருந்ததாம். முன்கைச் சதையை வெட்டி நாக்கிருந்த இடத்தில் வைத்துத் தைத்தார்கள். பிறகு வாரக்கணக்கில் கதிர்வீச்சுக் கரண்டு வைத்தார்கள். மூக்குவழிக் குழாயில் கஞ்சி போனது. குழாய் எடுத்த பிறகு அவர் பேசினால் மதினிக்கு மட்டும்தான் புரிந்தது, அதுவும் பாதிதான். மற்றவர்களுக்குப் போனில் எழுதிக் காட்டுவார்.

ஏழு மாதம் கழித்து என் பங்கில் பழம் தயாரானது. லீவு போட்டு வந்தேன். அதே வியாபாரி விடிகாலையில் வந்து, நாலைந்து கொத்தில் மீட்டர் வைத்துப் பார்த்து, “பக்குவமா இருக்கு அண்ணாச்சி, இன்னைக்கே வெட்டிரலாம்” என்றார். வருசநாட்டு மலைப்பக்கம் வானம் கருத்துக்கிடந்தது. பழுத்த பன்னீரில் மழை விழுந்தால் தோல் வெடித்துவிடும். அது எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

ஆட்கள் கத்தரிக்கோலோடு தயாராக நின்றார்கள். அப்போது அண்ணன் வந்தார். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நேராகப் பந்தலுக்கடியில் போய், நிழலில் ஒரு கொத்தைத் தேடி, நுனிப்பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுக் கண்ணை மூடினார். யாரும் அவரைக் கேட்கவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. எச்சில் மோவாயில் வழிந்தது. துண்டால் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் துப்பினார்.

பழம் உடையவே இல்லை. மண்ணில் முழுசாக உருண்டு என் காலடியில் வந்து நின்றது. வியாபாரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன் கண்ணைத் திறந்து, எல்லாரையும் பார்த்துவிட்டு, நாலு விரலை உயர்த்திக் காட்டினார்.

வியாபாரி என்னைப் பார்த்தார். மீட்டரைத் தூக்கிக் காட்டினார். நான் வானத்தையும் பார்த்தேன், அந்தப் பழத்தையும் பார்த்தேன். “அண்ணன் சொன்னபடிதான்” என்றேன். ஆட்களைத் திருப்பி அனுப்பினேன். முன்பு ஒரு நாள்கூட எனக்குக் காத்திருக்கத் தெரியவில்லை. இந்தத் தடவை நாலு நாள் காத்திருந்தால் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அன்றைக்கு அதை நான் மனதார நினைத்தேன்.

மூன்றாம் நாள் மழை பெய்தது. ஒரு ராத்திரி முழுக்க விடவில்லை. காலையில் போனபோது என் பங்கு முழுக்கப் பழம் வெடித்துச் சாறு வழிந்துகொண்டிருந்தது. குளவி மொய்த்தது. மழை விட்டு வெயில் ஏற ஏற, பந்தலுக்கடியில் அன்றைக்கு டம்ளரில் மோந்த அதே புளிப்பு வாடை எழுந்தது. அண்ணன் எனக்கு முன்னாலேயே வந்து அதற்குள் நின்றுகொண்டிருந்தார். மூக்கு அவருக்கு நன்றாகவே இருந்தது.

போனை எடுத்து எழுதி நீட்டினார். “அன்னைக்கே பழுத்திருந்துச்சு. உனக்குத் தெரியும்ல.”

“மீட்டரை எல்லாம் யாருண்ணே நம்புறது” என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நுனிப்பழத்தைக் கடித்த பிறகு எங்கள் முகங்களைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு வெகுநேரம் எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார். போனை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

“நீ போன் பண்ணி என்னை வரச் சொன்னேல்ல, அன்னைக்கு உன் பழம் பழுக்கல. இன்னும் நாலு நாளு கெடந்துச்சு. நீ வியாபாரியக் கூட்டியாந்து நிக்கவும் வெட்டலாம்னு சொல்லிட்டேன். நாக்கு இருந்தப்ப நான் மாத்திச் சொன்னது அது ஒண்ணுதான்.”

நாலு நாள். ஒரு பல்லைப் பிடுங்கி, மரப்பு இறங்கி, ரத்த ருசியும் போக அது போதும்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கத்தரிக்கோலை எடுத்து வெடித்த கொத்துகளை ஒவ்வொன்றாக அறுத்துக் கீழே போட ஆரம்பித்தார். நானும் அடுத்த வரிசையில் ஆரம்பித்தேன்.